க்ரீம் இல்லாம ஒரு க்ரீமி காலிஃபிளவர் சூப்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

நடுவுல ஒரு வாரம் ஏன் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. உண்மையைச் சொல்லிடறேன். என் கிச்சன் சுவர்ல இருந்து காலிஃபிளவர் சூப்பைத் துடைச்சிட்டு இருந்தேன். சுவர்ல மட்டும் இல்ல. சீலிங்ல, எக்ஸாஸ்ட் ஃபேன்ல, ஜன்னல் கம்பியில, என் தலைமுடியில. வாடகை வீடு வேற. ஹவுஸ் ஓனர் பாட்காஸ்ட் எல்லாம் கேக்க மாட்டாருங்கற நம்பிக்கையில சொல்றேன்.

அந்த சூப் எப்படி சீலிங்குக்குப் போச்சு, அதுக்கு அப்புறம் எப்படி ஒழுங்கா கிண்ணத்துக்கு வந்துச்சு, அதுதான் இன்னைக்கு. ரெசிப்பி மட்டும் போதும்னா பாதிக்கு மேல தாவிக்கங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா என் அப்பாவைப் பத்தி கொஞ்சம் சொன்னாத்தான் இந்த சூப் ஏன் இப்படி இருக்குன்னு புரியும்.

அப்பாவுக்கு 63 வயசு. முப்பது வருஷம் லாரி ஓட்டினவரு. நைட்ல கண்ணு சொக்காம இருக்க வெத்தலை, பாக்கு, புகையிலை. அதோட கணக்கு இப்போதான் வந்து சேர்ந்தது. ஈறு மொத்தமா கெட்டுப்போய் பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சிடுச்சு. அரக்கோணத்துல இருந்து சென்னைக்கு, என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். பல் டாக்டர் பார்த்துட்டு, மிச்சம் இருக்குற பதினாலு பல்லையும் எடுத்துடலாம்னாரு. மூணு தடவையா எடுத்தாங்க. ஈறு நல்லா ஆறின பிறகுதான் பல் செட்டுக்கு அளவு எடுக்க முடியும், ரெண்டு மூணு மாசம் ஆகும்னு சொல்லிட்டாங்க.

ஆம்பூர்ல எந்தக் கடையில பிரியாணி, கிருஷ்ணகிரி தாண்டினா எந்தக் கடையில முட்டை பரோட்டான்னு ரூட் மேப் மாதிரி மனசுல வெச்சிருக்குற மனுஷன் இவரு. இவருக்கு மூணு மாசம் மெல்லாமலே சாப்பாடு.

நம்ம ஊர்ல இதுக்கு என்ன விடை? கஞ்சி. நானும் வெச்சேன். முதல் நாள் அரிசிக் கஞ்சி. "வேணாம் பாப்பா." ரெண்டாவது நாள் மோர் ஊத்தி. வேணாம். ராகி, ஓட்ஸ், சத்துமாவு. எல்லாத்துக்கும் அதே பதில். கிண்ணத்தைத் தள்ளி வெச்சிட்டு டிவி பக்கம் திரும்பிடுவாரு. நானும் மனுஷிதானே. ஆபீஸுக்கு லேட்டாகுது, அடுப்புல கஞ்சி பொங்குது, "அடம் பிடிக்காதீங்கப்பா"ன்னு கத்தியிருக்கேன். ஒரு நாள் இல்ல, பல நாள். மூணு வாரத்துல நாலு கிலோ இறங்கிட்டாரு.

அப்புறம் ஒரு சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா, அப்பா வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்காரு. கை நடுங்குது. சுகர் மிஷின்ல பார்த்தா 62. மாத்திரையைக் கரெக்டா போட்டிருக்காரு, சாப்பிடல. நமக்கெல்லாம் சுகர் ஏறுறதுதான் பயம். மாத்திரை போட்டுட்டு பட்டினி கிடந்தா அது இறங்கும்னு வீட்ல ஒருத்தர் நடுங்கும்போதுதான் உறைக்குது. சர்க்கரை கரைச்ச தண்ணி குடுத்து, கால் மணி நேரம் கழிச்சு திரும்பப் பார்த்தேன். ஏறியிருந்துச்சு. டாக்டருக்கு ஃபோன் பண்ணேன், மாத்திரையோட அளவைக் குறைச்சாரு. குறைச்சிட்டு, "எதையாவது சாப்பிட வைங்கம்மா, அதான் முக்கியம்"னாரு.

அன்னைக்கு ராத்திரி கெஞ்சாத குறையா கேட்டேன். என்னதான்பா வேணும் உங்களுக்கு? கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "ஒரு தடவை பெங்களூர்ல முதலாளி பொண்ணு ரிசப்ஷன். வெள்ளையா ஒரு சூப் குடுத்தாங்க. காலிஃபிளவர்னாங்க. வெண்ணெய் மாதிரி இறங்குச்சு பாப்பா."

அவ்வளவுதானே, ஒரு சூப்தானேன்னு நினைச்சேன்.

முதல் முயற்சி, ஹோட்டல் ஸ்டைல். வெண்ணெய்ல மைதாவை வறுத்து, பால் ஊத்தி, வெந்த காலிஃபிளவரை அரைச்சுச் சேர்த்து, மேல பாக்கெட் க்ரீம். இது தப்பான முறை இல்ல. பிரான்ஸ்ல காலிஃபிளவர் சூப்புக்கு பதினஞ்சாம் லூயி மன்னரோட காதலி மேடம் து பாரியோட பேரையே வெச்சிருக்காங்க. அங்கேயும் மாவு, வெண்ணெய், க்ரீம் எல்லாம் சேரும். ஆனா மாவு பச்சை வாசனை போற அளவுக்கு வறுபடணும், அதுக்குப் பொறுமை வேணும். எனக்கு அன்னைக்கு அது இல்ல. அப்பா ஒரு வாய் வெச்சாரு. "பாப்பா, இதை வெச்சு போஸ்டர் ஒட்டலாம்."

கோவம் வந்துச்சு. ஆனா சரிதான். போஸ்டர் ஒட்டுற பசையும் மைதாதான்.

ரெண்டாவது முயற்சி. மைதா வேணாம், கெட்டிக்கு உருளைக்கிழங்கு போடலாம். பெரிய கிழங்கா ரெண்டு போட்டு, நைஸா வரட்டும்னு மிக்ஸியை விட்டு ஓட்டினேன். உருளைக்கிழங்குல இருக்குற ஸ்டார்ச் அதிகமா அரைபட்டா பிசுபிசுன்னு ஆயிடும். ஸ்பூனைத் தூக்கினா சூப் நூல் மாதிரி கூடவே வருது. இதை நான் அப்பா பக்கமே கொண்டு போகல.

மூணாவது முயற்சிதான் சீலிங். இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க, ஏன்னா நிறைய வீட்ல நடக்குறது இது. அடுப்புல தளதளன்னு கொதிச்ச சூப். ஆற வைக்கல, ஒன்பது மணி மீட்டிங் இருந்துச்சு. பெரிய ஜார்ல முக்கால்வாசிக்கு மேல ஊத்தினேன், மூடியை அழுத்தி மூடினேன், நேரா மூணாவது ஸ்பீடு. சூடான திரவத்தை மூடின ஜார்ல வேகமா சுத்தினா ஒரே நொடியில ஆவி கிளம்பும். அது வெளிய போக வழி இல்ல. மூடி தனியா, சூப் தனியா, நான் தனியா. மணிக்கட்டுல சூடு பட்டு கொப்புளம். குழாயைத் திறந்து இருபது நிமிஷம் கையைத் தண்ணியில காட்டிட்டே நின்னேன். பேஸ்ட்டு, மாவுன்னு எதுவும் தடவக் கூடாது, ஓடுற தண்ணிதான். முகத்துல பட்டிருந்தா இந்த எபிசோடே வேற மாதிரி இருந்திருக்கும்.

அதனால மிக்ஸி வெச்சிருக்குறவங்க எல்லாருக்கும்: கை பொறுக்குற சூட்டுக்கு ஆறட்டும். ஜார்ல பாதிக்குக் கீழதான் ஊத்தணும். முதல்ல விட்டு விட்டு நாலு சுத்து, நடுவுல மூடியைத் திறந்து ஆவியை விடுங்க, அப்புறம் வேகம். ஹேண்ட் பிளெண்டர் இருந்தா இந்தப் பாடெல்லாம் வேணாம், பாத்திரத்துலயே அரைக்கலாம். ஆனா மிக்ஸி அளவுக்கு நைஸா வராது.

அன்னைக்கு ராத்திரி நானும் அப்பாவும் சுவர் துடைச்சிட்டு இருந்தோம். அவரு ஸ்டூல் மேல, பழைய லுங்கித் துணியோட. நான் கீழ, ஒத்தைக் கையால. சுவரைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னாரு.

"உங்கம்மாவுக்கு கடைசி நாப்பது நாள் நான்தான் கஞ்சி ஊட்டினேன். அந்த வாசனை வந்தாலே எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது பாப்பா."

அம்மா போய் நாலு வருஷம் ஆகுது. நான் அப்போ வேலை டிரெய்னிங்ல டெல்லியில இருந்தேன். கடைசி வாரம்தான் வந்து சேர்ந்தேன். அந்த நாப்பது நாள் வீட்ல என்ன நடந்துச்சுன்னு நான் கேட்டதே இல்ல. அவரும் சொன்னதில்ல. மூணு வாரமா கிண்ணம் கிண்ணமா அதையே கொண்டு போய் அவர் முன்னாடி வெச்சு, அடம் பிடிக்காதீங்கன்னு வேற கத்தியிருக்கேன்.

நான் எதுவும் பேசல. எக்ஸாஸ்ட் ஃபேன் எட்டலைன்னாரு, ஸ்டூலை நகர்த்திக் குடுத்தேன்.

அதுக்கு அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்கா தேடினேன். பால் பெர்டோலின்னு ஒரு அமெரிக்க சமையல்காரர். கலிஃபோர்னியாவுல ஷே பனீஸ்ங்கற பிரபலமான ரெஸ்டாரன்ட்ல செஃபா இருந்தவரு. 2003ல வந்த அவரோட புத்தகத்துல ஒரு காலிஃபிளவர் சூப் இருக்கு. அதுல க்ரீம் இல்ல, பால் இல்ல, மாவு இல்ல, உருளைக்கிழங்கு இல்ல, ஸ்டாக்கும் இல்ல. வெங்காயம், காலிஃபிளவர், ஆலிவ் எண்ணெய், உப்பு, தண்ணி, மிளகு. முதல்ல நான் நம்பல. தண்ணியில எப்படி க்ரீம் வரும்?

வருது. காரணம் காலிஃபிளவர்தான். பட்டாணியையோ ஸ்வீட் கார்னையோ அரைச்சா தோல் திப்பி திப்பியா நிக்கும், வடிகட்டணும். காலிஃபிளவர்ல அப்படிக் கடினமான நார் கம்மி. நல்லா வெந்தா மொத்தமா இளகிடும். அரைக்கும்போது ரொம்ப ரொம்பச் சின்னத் துகளா உடைஞ்சு தண்ணியைப் பிடிச்சுக்கும். நாக்குக்கு அந்தத் துகள் தெரியாது, வழவழப்பு மட்டும்தான் தெரியும். கூடவே கொஞ்சம் எண்ணெய் கலந்து அரைபட்டா வெள்ளையா, க்ரீம் ஊத்தின மாதிரியே இருக்கும்.

சரி, ரெசிப்பி.

நடுத்தரமான ஒரு பூ. இலை, தண்டெல்லாம் போக 650, 700 கிராம் இருக்கணும். கோயம்பேட்டுல மார்கழி, தை மாசம் நல்ல பூ வரும், விலையும் இறங்கும். வெள்ளையா, இறுக்கமா இருக்குறதைப் பாருங்க. கருப்புப் புள்ளி விழுந்தது வேணாம். பூவா பிரிச்சு, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீர்ல அஞ்சு நிமிஷம். பச்சைப் புழு இருந்தா மேல மிதக்கும். உங்க அம்மா சொல்லியிருப்பாங்க, அதேதான். ஒண்ணு மட்டும், மஞ்சளை ஒரு சிட்டிகைக்கு மேல போடாதீங்க, சூப் வெள்ளையா வராது. நான் வெறும் உப்புதான் போடுறேன்.

பெரிய வெங்காயம் ஒண்ணு, மெல்லிசா நறுக்கினது. அடி கனமான பாத்திரத்துல மூணு டேபிள்ஸ்பூன் எண்ணெய். ஆலிவ் எண்ணெய் இல்லைன்னா வெண்ணெய் போடலாம். கடலை எண்ணெய்லயும் பண்ணிப் பார்த்தேன், கடலை வாசனைதான் முன்னாடி நிக்குது, எனக்குப் பிடிக்கல. வெங்காயத்தை சிம்ல பதினஞ்சு நிமிஷம் வதக்கணும். பதினஞ்சு நிமிஷம்னா பதினஞ்சு நிமிஷம். சிவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆகணும். நம்ம கை தானா அடுப்பைக் கூட்டப் போகும், ஏன்னா பிரியாணிக்கும் குழம்புக்கும் வதக்கிப் பழகின கை. அடக்கிக்கங்க. இந்த சூப்போட இனிப்பு முழுக்க இங்கதான் வருது.

இப்போ காலிஃபிளவர், உப்பு, அரை கப் தண்ணி மட்டும். இறுக்கமா மூடி போட்டு பதினஞ்சுல இருந்து பதினெட்டு நிமிஷம். அது ஆவியிலயே வெந்து குழையும். அப்புறம் சூடான தண்ணி. பெர்டோலி கணக்குல நாலரை கப், கிட்டத்தட்ட ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல. நான் மூணரை கப்போட நிறுத்திடறேன், அப்பாவுக்குக் கெட்டியா இருந்தாத்தான் பிடிக்கும். கொதி வந்ததும் சிம்ல வெச்சு, மூடாம, இன்னும் இருபது நிமிஷம்.

இந்த நேரத்துல வீட்ல ஒரு வாசனை வரும். முட்டை வேக வெச்ச மாதிரி. காலிஃபிளவர்ல இருக்குற கந்தகச் சத்து பண்ற வேலை அது. கெட்டுப் போச்சுன்னு நினைச்சு அணைச்சிடாதீங்க. மூடாம கொதிக்க விடுறதால அது மெல்லக் கிளம்பிப் போயிடும், அப்புறம் ஒரு மாதிரி இனிப்பான, முந்திரி மாதிரியான வாசனை வரும். குக்கர்ல ரெண்டு விசில் விடலாமான்னு நிச்சயம் யாராவது கேப்பீங்க. விடலாம், வெந்துடும். ஆனா அந்த வாசனை உள்ளயே சுத்தி சூப்ல தங்கிடும். நான் பண்ண மாட்டேன்.

ஆற விட்டு, நான் சொன்ன மாதிரி பாதி ஜார் பாதி ஜாரா அரைச்சு, பாத்திரத்துல திரும்ப ஊத்தி வெச்சிட்டு, இருபது நிமிஷம் அதைத் தொடாதீங்க. புத்தகத்துல இந்த வரியைப் படிச்சப்போ, இதென்ன சும்மான்னு தாண்டிப் போகப் பாத்தேன். அரைச்ச உடனே பார்த்தா சூப் தண்ணியாதான் இருக்கும். ஐயோ கார்ன்ஃபிளார் கரைச்சு ஊத்தலாமான்னு தோணும். இருபது நிமிஷம் கழிச்சு கரண்டியை விட்டுப் பாருங்க, தானா கெட்டியாகியிருக்கும். ரொம்பக் கெட்டியா இருந்தா அரை கப் வெந்நீர் சேர்த்துக்கலாம். அந்த கார்ன்ஃபிளார் சோதனையில நாம எல்லாரும் தோத்திருக்கோம். வெளிய நாம குடிக்கிற பாதி சூப்போட கெட்டி கார்ன்ஃபிளார்தான். அது பளபளன்னு வழுக்கும், இது அப்படி வழுக்காது.

அப்பாவுக்குன்னு நான் மாத்தினது ரெண்டு மூணு இருக்கு. வெறும் காலிஃபிளவர் சூப் சாப்பாடு ஆகாது. 100 கிராம் காலிஃபிளவர்ல சுமார் 25 கலோரிதான். டயட்ல இருக்குறவங்களுக்கு அது சந்தோஷம், நாலு கிலோ இறங்கின மனுஷனுக்கு அது போதாது. அதனால அரை கப் பாசிப்பருப்பைத் தனியா குழைய வேக வெச்சு, எட்டு முந்திரியை வெந்நீர்ல ஊற வெச்சு, ரெண்டையும் சேர்த்தே அரைச்சேன். நிறம் லேசா மஞ்சளாகும், ருசி கெடாது. பல் எடுத்த முதல் சில நாள் சூடா எதுவும் குடுக்காதீங்க, ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச விடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. உறிஞ்சினா புண்ணுல உறைஞ்ச ரத்தம் பெயர்ந்துடுமாம். அப்பாவுக்குக் கடைசியா பல் எடுத்து வாரம் தாண்டிடுச்சு, இருந்தாலும் வெதுவெதுப்பா, ஸ்பூன்லதான். மிளகாய் கிடையாது, ஈறு எரியும். மிளகு மட்டும், அதுவும் சூப்போடவே அரைச்சது, ஒரு துகள் கூட ஈறுல மாட்டக் கூடாதுன்னு.

மிளகுன்ன உடனே ஒண்ணு. உலகம் பூரா மெனு கார்டுல 'முல்லிகடானி'ன்னு ஒரு சூப் இருக்கும். அது நம்ம மிளகுத்தண்ணிதான், வெள்ளைக்காரங்க வாய்ல அப்படி ஆயிடுச்சு. நம்ம ரசத்தை அவங்க சூப் ஆக்கினாங்க, நான் அவங்க சூப்ல பாசிப்பருப்பு போட்டேன், சரியா போச்சு.

முதல் கிண்ணம் குடுத்த அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நான் எதிர்ல உட்காரல, பார்த்துட்டே இருந்தா அவருக்குப் பிடிக்காது. துணி மடிக்கிற மாதிரி பக்கத்து ரூம்ல நின்னேன். ஸ்பூன் சத்தம் கேட்டுச்சு. நிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு குரல், "பாப்பா, காலையில வெச்ச இட்லி இருக்கா?"

ரெண்டு இட்லியைக் கொண்டு போனேன். சின்னச் சின்னதா பிச்சு சூப்ல போட்டு ஊற விட்டு, ஸ்பூனால மசிச்சு சாப்பிட்டாரு. சாம்பார் இட்லி சாப்பிடற மாதிரியே. பிரெஞ்சுக்காரங்க யாராவது பார்த்தா மயக்கம் போட்டிருப்பாங்க. எனக்கு அந்த இட்லிதான் பெரிய நிம்மதி. மாத்திரை போடுறவருக்கு வயித்துல கொஞ்சம் மாவுச்சத்தும் போகணும், அதை நான் எப்படி நுழைக்கிறதுன்னு மண்டையை உடைச்சிட்டு இருந்தேன். அவரே வழி பண்ணிக்கிட்டாரு.

பெங்களூர் சூப் மாதிரி இருக்கான்னு கேட்டேன். "அது வேற"ன்னாரு. அவ்வளவுதான் பாராட்டு. அடுத்த நாளும் கேட்டாரு. அடுத்த ரெண்டு மாசம் வாரத்துல நாலு நாள் எங்க வீட்ல இதுதான். நடுநடுவுல காலிஃபிளவருக்குப் பதிலா பூசணி, சுரைக்காய்னு மாத்திப் பார்த்தேன். பூசணி ஓகே. சுரைக்காய் வெறும் தண்ணி, அதைப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல.

போன வாரம் பல் செட்டுக்கு அளவு எடுத்தாச்சு. அது ரெடியாகுற வரைக்கும் இருங்கப்பான்னேன், கேக்கல, அரக்கோணம் கிளம்பிட்டாரு. போகும்போது ரெசிப்பியை ஒரு பழைய டைரியில எழுதி வாங்கிட்டுப் போனாரு. அம்மாவோட மளிகைக் கணக்கு டைரி அது, பின்னாடி பக்கம் காலியா இருந்துச்சு.

நேத்து ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன். பின்னாடி எண்ணெய் சத்தம் கேக்குது.

"பாப்பா, வெங்காயம் சிவந்துடுச்சு. கீழ கொட்டிடவா?"

"வேணாம்பா, நிறம்தான் மாறும், பரவால்ல. அடுப்பைக் குறைங்க. அப்பா, மிக்ஸியில போடறதுக்கு முன்னாடி..."

"தெரியும் தெரியும். சீலிங் துடைச்சவனே நான்தான்."